ஓடும் படமும் தொடரும் கண்ணும்: கேமிங் மானிட்டரின் அறிவியல்

கேமிங் மானிட்டரில் எந்தப் படமும் நகர்வதில்லை. அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறுகின்றன. அவற்றைக் கோத்து ஓட்டமாக ஆக்குபவை பார்ப்பவரின் கண்ணும் மூளையும்தான். ஒரு வினாடியில் திரை எத்தனை முறை புதிய படத்துக்கு மாறுகிறது என்பதே ரெஃப்ரெஷ் ரேட். அதை ஹெர்ட்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். அலுவலக வேலைக்கான சாதாரண மானிட்டர் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸில் இயங்கும். விளையாட்டுக்கென்று விற்கப்படுபவை 144, 165, 240, 360 என்று ஏறி 500 ஹெர்ட்ஸையும் தாண்டிவிட்டன.

வாங்குவோர் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். ஆனால் அதை அப்படியே ஒப்பிடுவது ஏமாற்றிவிடும். ஒவ்வொரு படமும் திரையில் தங்கும் நேரமாக மாற்றிப் பார்த்தால்தான் உண்மை அளவு புரியும். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லி வினாடி தங்குகிறது. 144 ஹெர்ட்ஸில் 6.9, 240 ஹெர்ட்ஸில் 4.2, 360 ஹெர்ட்ஸில் 2.8 மில்லி வினாடி. 60இலிருந்து 144க்கு மாறுபவருக்கு ஒவ்வொரு படத்திலும் 9.7 மில்லி வினாடி மிச்சமாகிறது. 144இலிருந்து 240க்கு மாறினால் 2.8, 240இலிருந்து 360க்கு 1.4 மட்டுமே. முதல் மாற்றத்தை, மவுஸை ஒருமுறை இழுத்துப் பார்த்தாலே யாரும் உணர்ந்துவிடுவார்கள். கடைசி மாற்றத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். விலை மட்டும் அந்த விகிதத்தில் சுருங்குவதில்லை.

மங்கல் எங்கே பிறக்கிறது

படம் திரையில் தங்கும் நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? விடை திரையில் பாதி, கண்ணில் பாதி இருக்கிறது. பழைய சிஆர்டி மானிட்டரில் எலெக்ட்ரான் கற்றை பட்ட இடத்தில் பாஸ்பர் பூச்சு ஒரு கணம் பளிச்சிட்டு உடனே அணைந்துவிடும். அடுத்த படம் வரும்வரை அந்த இடம் ஏறக்குறைய இருட்டுதான். இன்றைய எல்சிடி, ஓஎல்இடி திரைகள் அப்படி அணைவதில்லை; அடுத்த படம் வரும்வரை முந்தைய படத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கின்றன.

ஓடும் எதிரியைக் கண் தொடரும்போது கருவிழி சீராக நகர்கிறது. திரையிலுள்ள உருவமோ ஓரிடத்தில் நின்று, பிறகு சட்டென்று அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. கண் நகர்ந்துகொண்டிருக்க உருவம் நிற்பதால், நிற்கும் அந்த நேரம் முழுவதும் உருவத்தின் பிம்பம் விழித்திரையில் இழுபடுகிறது. இந்த இழுபடலே மங்கலாகத் தெரிகிறது. இதன் அளவைக் கணக்கிடுவது எளிது: உருவத்தின் வேகத்தைப் படம் தங்கும் நேரத்தால் பெருக்கினால் போதும். வினாடிக்கு 960 பிக்சல் வேகத்தில் ஓடும் உருவம் 60 ஹெர்ட்ஸ் திரையில் 16 பிக்சல் அகலத்துக்கு இழுபடும். 120 ஹெர்ட்ஸில் 8, 240 ஹெர்ட்ஸில் 4. ஓடும் கதாபாத்திரத்தின் தலைக்கு மேல் உள்ள பெயரைப் படிக்க முடிகிறதா இல்லையா என்பதை இந்த வித்தியாசமே முடிவு செய்கிறது. திரையின் மற்ற குணங்கள் எத்தனை உயர்ந்தவையாக இருந்தாலும் இந்தப் பெருக்கலிலிருந்து தப்ப முடியாது.

தப்ப ஒரு குறுக்குவழி உண்டு. எல்சிடியின் பின்னொளியை ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சிறு துடிப்பாக மட்டும் எரியவிட்டு, மற்ற நேரம் அணைத்து வைக்கலாம். சிஆர்டியின் பழைய பளிச்சிடல் இப்படிச் செயற்கையாகத் திரும்புகிறது. என்விடியாவின் யுஎல்எம்பி, பென்க்யூவின் டையாக் போன்றவை இந்த வகை. அசைவு வியக்கத்தக்க தெளிவு பெறும். பதிலுக்குத் திரையின் ஒளி குறையும். சிலருக்குத் துடிப்பு கண்ணை உறுத்தும். வினாடிக்கு வினாடி மாறும் ஃபிரேம் எண்ணிக்கையோடு, அதாவது கணினி வரைந்து தரும் படங்களின் எண்ணிக்கையோடு, இதை இணைப்பதும் கடினம். ஆகவே நிலையான, உயர்ந்த ஃபிரேம் எண்ணிக்கை கிடைக்கும் போட்டி விளையாட்டுகளுக்கே இது பொருந்தும்.

‘1 மில்லி வினாடி’ என்ற வாக்குறுதி

மங்கலுக்கு இன்னொரு மூலம் பேனலுக்குள்ளேயே இருக்கிறது. எல்சிடியின் பிக்சல் தானாக ஒளிர்வதில்லை. பின்னாலிருந்து வரும் ஒளியைத் திரவப் படிக மூலக்கூறுகள் ஜன்னல் ஷட்டரின் தட்டிகளைப் போலத் திரும்பி, கடக்க விடுகின்றன அல்லது தடுக்கின்றன. மின்னழுத்தம் மாறியதும் மூலக்கூறுகள் உடலோடு திரும்ப வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பல் நிறத்துக்கு மாற ஆகும் நேரத்தை ரெஸ்பான்ஸ் டைம் என்கிறார்கள். 240 ஹெர்ட்ஸ் திரையில் இந்த மாற்றம் 4.2 மில்லி வினாடிக்குள் முடியாவிட்டால் அடுத்த படம் வந்து நிற்கும்போது பழைய படத்தின் நிழல் இன்னும் அழியாமல் இருக்கும். கோஸ்டிங் என்று ஆட்டக்காரர்கள் குறைப்படுவது இதைத்தான்.

பெட்டியில் உள்ள ‘1 மி.வி.’ என்பது பெரும்பாலும் மிகச் சாதகமான ஒரு நிற மாற்றத்தை, மிகக் கடுமையான ஓவர்டிரைவ் அமைப்பில் அளந்தது. ஓவர்டிரைவ் என்பது மூலக்கூறுகளை விரைவுபடுத்தத் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கொடுக்கும் உத்தி. அளவு மீறினால் நிறம் இலக்கைத் தாண்டிப்போய்த் திரும்பி வரும். ஓடும் உருவத்தின் பின்னால் நிழலுக்குப் பதிலாக வெளிறிய ஒளிவட்டம் தொடரும். எனவே அந்த ஒற்றை எண்ணுக்கு மதிப்புக் கொடுக்கத் தேவையில்லை. எல்லா நிற மாற்றங்களையும் அளந்து சராசரி காட்டும் விமர்சனங்களே நம்பத்தக்கவை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, திரைத் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 2022இல் கிளியர்எம்ஆர் என்ற சான்றிதழைக் கொண்டுவந்தது. நகரும் படத்தில் தெளிந்த பிக்சல்களுக்கும் மங்கிய பிக்சல்களுக்கும் உள்ள விகிதத்தை அது தருகிறது.

இன்புட் லேக் என்பது ரெஸ்பான்ஸ் டைமிலிருந்து வேறான விஷயம், இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் பலர். கணினி அனுப்பிய படம் திரையில் தோன்றத் தொடங்குமுன் மானிட்டரின் மின்னணுச் சுற்று எடுத்துக்கொள்ளும் தாமதம் அது. நல்ல கேமிங் மானிட்டரில் இது சில மில்லி வினாடிகளே. தொலைக்காட்சிகளில் படத்தை மெருகேற்றும் செயல்கள் நடப்பதால் கேம் மோடைப் போடாவிட்டால் தாமதம் பல மடங்காகும். மனிதரின் எதிர்வினை நேரம் ஏறத்தாழ 200 மில்லி வினாடி இருக்கையில் 10 மில்லி வினாடி என்ன செய்யும் என்று கேட்கலாம். ஏறக்குறைய ஒரே திறமை கொண்ட இருவர் ஒருவரையொருவர் சுடும் கணத்தில், எதிரியை யார் முதலில் காண்கிறார் என்பதே கேள்வி. அங்கே அந்தப் 10 மில்லி வினாடி அப்படியே ஒரு பக்கத்துக்குப் போய்ச் சேருகிறது.

நான்கு வகைப் பேனல்கள்

டிஎன் எனப்படும் முறுக்கிய திரவப் படிகப் பேனல் 1970இல் பிறந்தது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஹாஃப்மன்-லா ரோஷ் என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் மார்ட்டின் ஷாட்டும் வோல்ஃப்காங் ஹெல்ஃப்ரிச்சும் அதை உருவாக்கினார்கள். வேகமானது, மலிவானது, ஆனால் பக்கவாட்டிலோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் வெளிறிவிடும். நீண்ட காலம் போட்டி ஆட்டக்காரர்களின் விருப்பமாக இருந்த டிஎன், இன்று தொழில்முறைப் போட்டிகளுக்கான சில மாதிரிகளோடு ஒதுங்கிவிட்டது.

ஐபிஎஸ் பேனலில் மூலக்கூறுகள் திரையின் தளத்திலேயே படுத்தவாறு திரும்புகின்றன. அதனால் எந்தக் கோணத்திலும் நிறம் அவ்வளவாக மாறுவதில்லை. 1996இல் ஹிட்டாச்சி இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது வேகம் மிகக் குறைவு. அடுத்த கால் நூற்றாண்டில் வேகம் கூடி, இன்று நடுத்தர விலையில் விற்கும் கேமிங் மானிட்டர்களில் பெரும்பாலானவை ஐபிஎஸ்தான். அதன் பலவீனம் கறுப்பு. மூடிய நிலையிலும் கொஞ்சம் பின்னொளி கசிவதால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம் பொதுவாக 1000:1 அளவில் நிற்கிறது. இருட்டறையில் பார்த்தால் கறுப்பு, சாம்பலாகவே தெரியும்.

விஏ பேனலில் மின்னழுத்தம் இல்லாதபோது மூலக்கூறுகள் திரைக்குச் செங்குத்தாக நிற்கின்றன. ஒளி நன்றாக அடைபடுகிறது. ஒளி விகிதம் 3000:1 அல்லது அதற்கு மேலும் கிடைக்கும். பேய் வீட்டிலும் குகையிலும் நடக்கும் கதைகளுக்கு அந்த இருள் பெரிய கொடை. ஆனால் கறுப்பிலிருந்து அடர் சாம்பலுக்கு மாறும்போது பல விஏ பேனல்கள் தடுமாறி, இருண்ட காட்சிகளில் கருநிழலை இழுத்துச் செல்கின்றன. விலை உயர்ந்த சில மாதிரிகள் இதைக் கடந்துவிட்டன. மலிவு விலை விஏவில் இது இருக்கும் என்றே எதிர்பார்க்க வேண்டும்.

ஓஎல்இடி இந்த எல்சிடி குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 1987இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது இது. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது. கறுப்பு வேண்டுமானால் அணைந்தேவிடுகிறது. திரும்ப வேண்டிய மூலக்கூறு எதுவும் இல்லாததால் நிற மாற்றம் ஒரு மில்லி வினாடியில் சிறு பங்குக்குள் முடிகிறது. ஆகவே 240 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி, அதே வேக எல்சிடியைவிடத் தெளிவாகத் தெரியும். சாம்சங் டிஸ்ப்ளே 2022இல் கொண்டுவந்த கியூடி-ஓஎல்இடி மானிட்டர் பேனலில் நீல ஒளியைக் குவாண்டம் புள்ளிகள் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றுகின்றன. நிறச் செறிவு அதனால் கூடுகிறது. எல்ஜி டிஸ்ப்ளேயின் வகை வெண்ணிற ஒளியையும் நிற வடிகட்டிகளையும் நம்புகிறது.

ஓஎல்இடியின் விலையைப் பணத்தில் மட்டும் அளக்கக் கூடாது. அதிலுள்ள கரிமப் பொருள் எரிய எரியத் தேய்கிறது. ஒரே இடத்தில் நாள்தோறும் பல மணி நேரம் ஒளிரும் உயிர்ப்பட்டை, சிறு வரைபடம், விண்டோஸ் டாஸ்க்பார் போன்றவை அந்தப் பிக்சல்களை மட்டும் முன்னதாகத் தேய்த்து, நிரந்தரத் தடமாகப் பதிந்துவிடலாம். இதுவே பர்ன்-இன். பலவிதமான விளையாட்டுகளை மாற்றி மாற்றி ஆடுபவருக்கு இந்த ஆபத்து குறைவு. பகலெல்லாம் எக்செல் தாளையும் நிரல் எழுதும் ஜன்னலையும் திறந்து வைத்திருப்பவருக்கு அதிகம். உட்பிக்சல்களின் அமைப்பு வேறுபடுவதால் எழுத்துகளின் ஓரத்தில் நிறப் பிசிறும் தெரியக்கூடும். வெயில் விழும் அறையில் கியூடி-ஓஎல்இடியின் கறுப்பு சற்றே வெளிறும். பர்ன்-இன் உத்தரவாதத்தில் அடங்குமா, எத்தனை ஆண்டுக்கு என்பதை எழுத்தில் பார்க்காமல் இந்த வகையை வாங்கக் கூடாது.

கிழியும் படமும் அதற்கான மருந்தும்

கிராபிக்ஸ் கார்டு ஒரே சீராகப் படம் வரைவதில்லை. வெறும் சுவரைப் பார்க்கும்போது வினாடிக்கு 140 ஃபிரேம் தருவது, வெடிப்பும் புகையும் நிறைந்த காட்சியில் 70க்கு இறங்கும். திரையோ தன் தாளத்தில் மாறிக்கொண்டே இருக்கிறது. திரை பாதி வரைந்த நிலையில் புதிய ஃபிரேம் வந்தால், மேல்பாதி பழையதும் கீழ்பாதி புதியதுமாகப் படம் கிழிந்து தெரியும். இது டியரிங். வி-சிங்க் என்ற பழைய தீர்வு, கார்டைத் திரைக்காகக் காத்திருக்க வைத்தது. கிழிசல் போயிற்று, தாமதமும் தடுமாற்றமும் வந்தன. 144 ஹெர்ட்ஸ் திரையில் கார்டு 70 ஃபிரேம் தந்தால் சில படங்கள் இரண்டு சுற்றுகளும், அதாவது 13.9 மில்லி வினாடியும், சில படங்கள் மூன்று சுற்றுகளும், அதாவது 20.8 மில்லி வினாடியும் நிற்கும். அந்தச் சீரின்மையைக் கண் உடனே கண்டுகொள்ளும்.

தலைகீழாக, திரையையே கார்டுக்காகக் காத்திருக்க வைத்தது 2013இல் என்விடியா அறிவித்த ஜி-சிங்க். அதற்கு மானிட்டருக்குள் தனியொரு மின்சுற்றுப் பலகை வேண்டியிருந்தது, விலை ஏறியது. அடுத்த ஆண்டே வெசா அமைப்பு அடாப்டிவ் சிங்க்கை டிஸ்ப்ளே போர்ட் தரத்தில் சேர்த்தது. ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் அதன்மேல் எழுந்தது. 2019 தொடக்கத்தில் என்விடியாவும் தன் கார்டுகளை அத்தகைய மானிட்டர்களுக்குத் திறந்துவிட்டதால், எந்தக் கார்டுக்கு எந்த மானிட்டர் என்ற பழைய சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. கேமிங் மானிட்டரில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரே வசதியைச் சொல்லச் சொன்னால் அடாப்டிவ் சிங்க்கைத்தான் சொல்ல வேண்டும். வரம்பை மட்டும் பார்க்க வேண்டும்: 48 முதல் 144 ஹெர்ட்ஸ் என்றிருந்தால், ஃபிரேம் 48க்குக் கீழே இறங்கும்போது ஒவ்வொரு படத்தையும் இருமுறை காட்டிச் சமாளிக்க இடமிருக்கிறது. 48 முதல் 75 வரை மட்டும் என்றால் அந்த இடமில்லை.

கூர்மையும் அதன் சுமையும்

ஃபுல் எச்டி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள். கடைகளில் 2கே என்றும் கியூஎச்டி என்றும் சொல்லப்படும் 2560 × 1440 திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 83 லட்சம். கிராபிக்ஸ் கார்டின் வேலையும் ஏறக்குறைய இதே விகிதத்தில் கூடுகிறது. ஃபுல் எச்டியில் 120 ஃபிரேம் தரும் கார்டு 4கேவில் மூச்சுத்திணறும்.

கூர்மை எவ்வளவு போதும் என்பதைக் கண்ணே வரையறுக்கிறது. நல்ல பார்வையுள்ள கண் ஏறத்தாழ ஒரு கோண நிமிடம், அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள விவரத்தைப் பிரித்தறியும். 60 சென்டிமீட்டர் தூரத்தில் அது 0.17 மில்லிமீட்டர். 24 அங்குல ஃபுல் எச்டி திரையின் பிக்சல் 0.28 மில்லிமீட்டர், 27 அங்குலத்தில் அதே ஃபுல் எச்டி 0.31 ஆகப் பருத்து, எழுத்தின் ஓரங்கள் படிக்கட்டாகத் தெரியத் தொடங்கும். 27 அங்குல கியூஎச்டியில் 0.23, 27 அங்குல 4கேவில் 0.16, கண்ணின் எல்லைக்கும் கீழே. இந்தக் கணக்கின்படி 24 அங்குலத்துக்கு ஃபுல் எச்டியும், 27க்குக் கியூஎச்டியும், 32க்கு 4கேவும் இயல்பான இணைகள். 27 அங்குல ஃபுல் எச்டி மலிவாகக் கிடைத்தாலும் தவிர்க்கத்தக்கது.

என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் போன்ற மென்பொருள்கள் குறைந்த பிக்சலில் படத்தை வரைந்து பெரிதாக்கித் தருவதால் 4கேவின் சுமை இப்போது முன்புபோல் கொடியதல்ல. ஆனாலும் கையிலுள்ள கார்டு என்ன தரும் என்று பார்த்துவிட்டே திரையை முடிவு செய்ய வேண்டும்; கார்டு 80 ஃபிரேம் தரும் விளையாட்டில் 360 ஹெர்ட்ஸ் திரை 80 படங்களைத்தான் காட்டும்.

ஒளிக்கும் இருளுக்கும் உள்ள இடைவெளியை விரித்துக் காட்டும் எச்டிஆர் வசதியில் ஏமாற்றங்கள் மிகுதி. வெசாவின் டிஸ்ப்ளே எச்டிஆர் 400 சான்றிதழ் 400 நிட் உச்ச ஒளியைக் கேட்கிறது. பின்னொளியைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதியைக் கட்டாயமாக்கவில்லை. அது இல்லாத எல்சிடியில் சூரியனைப் பிரகாசமாக்கினால் இரவு வானமும் சேர்ந்து வெளுக்கும். உண்மையான எச்டிஆர் வேண்டுபவர் நூற்றுக்கணக்கான பகுதிகள் கொண்ட மினி எல்இடி பின்னொளியையோ ஓஎல்இடியையோதான் நாட வேண்டும். மினி எல்இடி பகல் வெளிச்சத்தில் வெல்லும். இருட்டில் ஒளிப்பொருள்களைச் சுற்றி மெல்லிய வளையம் தெரியலாம்.

ஆட்டத்துக்கேற்ற திரை

வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற சுடும் போட்டிகளை முக்கியமாக ஆடுபவருக்கு 24 அல்லது 25 அங்குல ஃபுல் எச்டி, 240 ஹெர்ட்ஸ் திரை ஏற்றது. இந்த விளையாட்டுகள் எளிய கார்டிலும் நூற்றுக்கணக்கான ஃபிரேம் தருவதால் அந்த வேகம் வீணாகாது. சிறிய திரை முழுவதும் தலையைத் திருப்பாமலே பார்வைக்குள் அடங்கும். பரந்த உலகில் கதையைப் பின்தொடர்ந்து ஆடுபவருக்கு வேகத்தைவிட நிறமும் கறுப்பும் முக்கியம்: 27 அங்குல கியூஎச்டியோ 32 அங்குல 4கேவோ, 120 முதல் 165 ஹெர்ட்ஸ் வரை இருந்தால் நிறைவு. கார் பந்தயமும் விமானமும் ஓட்டுபவர்களுக்கு 21:9 அகலத்திரை பக்கக் காட்சியைத் திறந்து தரும். அங்கேதான் வளைவும் பொருளுள்ளதாகிறது. 1000ஆர் என்றால் ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வளைவு. 24 அங்குலத் திரையில் அதனால் பயன் ஏதுமில்லை.

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 120 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகின்றன. அவற்றுக்கு 240 ஹெர்ட்ஸ் தேவையில்லை. 4கேவும் 120 ஹெர்ட்ஸும் ஒருங்கே வேண்டுமானால் எச்டிஎம்ஐ 2.1 தேவை. பகலில் படிப்பும் வேலையும், இரவில் ஆட்டமும் ஒரே திரையில் என்றால் 27 அங்குல கியூஎச்டி ஐபிஎஸ், 144 ஹெர்ட்ஸுக்குக் குறையாமல் வாங்குவது பாதுகாப்பான முடிவு. எதிலும் முதலிடம் பெறாவிட்டாலும் எதிலும் தோற்காத திரை அது. உயரம் கூட்டிக் குறைக்கும் தாங்கியும், மங்கலான ஒளியில் துடிக்காத பின்னொளியும் இருந்தால் கழுத்துக்கும் கண்ணுக்கும் நல்லது. உள்ளே பொருத்தப்பட்ட ஒலிபெருக்கிகளை நம்பி எதையும் வாங்க வேண்டியதில்லை.

மானிட்டர் வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது கேபிள். 4கே படத்தை 10 பிட் நிறத்தில் 144 ஹெர்ட்ஸில் அனுப்ப, படப் புள்ளிகளுக்கு மட்டுமே வினாடிக்கு ஏறத்தாழ 36 ஜிகாபிட் தேவை. எச்டிஎம்ஐ 2.0இன் மொத்தத் திறனே 18 ஜிகாபிட், எச்டிஎம்ஐ 2.1இன் உச்சம் 48. டிஸ்ப்ளே போர்ட் 1.4இல் படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 26 ஜிகாபிட் என்பதால், கண்ணுக்குத் தெரியாத வகையில் தகவலைச் சுருக்கும் டிஎஸ்சி முறை அங்கே கைகொடுக்கிறது. எச்டிஎம்ஐ 2.1 என்ற பெயர் இருந்தாலே முழு 48 ஜிகாபிட் கிடைக்கும் என்று பொருளில்லை. அந்தத் தரத்தின் பல வசதிகள் விருப்பத்துக்கு உரியவை, போர்ட்டின் வேகத்தை விவரப் பட்டியலில் தனியாகப் பார்க்க வேண்டும். பெட்டியோடு வரும் கேபிளையே பயன்படுத்துவது நல்லது.

இரண்டாவது, அமைப்புகளைச் சரிசெய்வது. புதிய திரையைச் செருகியதும் விண்டோஸ் அதைப் பல நேரம் 60 ஹெர்ட்ஸிலேயே இயக்கும். டிஸ்ப்ளே அமைப்புகளுக்குள் போய் உச்ச ரெஃப்ரெஷ் ரேட்டைத் தேர்ந்தெடுக்காதவரை, கொடுத்த காசுக்கான வேகம் உறங்கிக்கொண்டிருக்கும். அடாப்டிவ் சிங்க்கை மானிட்டரின் மெனுவிலும் கார்டின் மென்பொருளிலும் தனித்தனியாக இயக்க வேண்டும். ஃபிரேம் எண்ணிக்கையைத் திரையின் உச்சத்துக்குச் சில ஃபிரேம் கீழே நிறுத்தி வைத்தால் அது வரம்பைத் தாண்டிப் போகாது. ஓவர்டிரைவை நடு அளவில் வைத்து ஓடும் உருவத்தின் பின்னால் நிழலோ ஒளிவட்டமோ தெரிகிறதா என்று பார்த்து ஏற்றி இறக்கலாம். செயலிழந்த பிக்சல், ஓரங்களில் ஒளிக்கசிவு ஆகியவற்றை, முழுத்திரையில் ஒற்றை நிறங்களைக் காட்டி, திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் சோதித்துவிட வேண்டும்.